கிளாடா மோதிரத்தோடு வந்த அட்டை

இரண்டு கைகள் ஓர் இதயத்தைப் பிடித்திருக்கின்றன. இதயத்தின் மேல் ஒரு கிரீடம். இரண்டு மணிக்கட்டுகளும் பின்பக்கமாக வளைந்து போய்ச் சேர்ந்து வளையமாகின்றன. அயர்லாந்தின் கிளாடா மோதிரம் இதுதான். ‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 1998இல் வந்த ஓர் அத்தியாயத்தில் ஏஞ்சல் பஃபியின் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் மோதிரம் இதே மோதிரம். கொடுத்துவிட்டு எது எதற்கு அடையாளம் என்று விளக்கமும் சொல்வான்.

எனக்கு இது போன தீபாவளிக்கு வந்தது. என்னோடு படிவம் ஆறு படித்த தோழி பாதி டப்ளினிலும் பாதி பினாங்கிலுமாக மருத்துவம் முடித்தாள். இங்கே சில வருடம் ஒப்பந்த மருத்துவராக இருந்தாள். நிரந்தரம் எப்போது என்று யாருக்கும் தெரியாத நிலையில் மறுபடியும் டப்ளினுக்கே வேலைக்குப் போய்விட்டாள். லீவில் வந்தபோது ஒரு சின்னப் பெட்டியைக் கையில் வைத்தாள். “நட்புக்குத்தான் டா, பயப்படாத. உள்ள கார்டு இருக்கு, படி. கதை செம்மயா இருக்கும்.”

தீப்பெட்டி அளவுதான் அந்த அட்டை. அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, இது பழங்காலக் கெல்டிக் சின்னம். இரண்டு, கடற்கொள்ளையரிடம் சிக்கி அடிமையாக விற்கப்பட்ட ரிச்சர்ட் ஜாய்ஸ் என்ற கால்வே நகரத்து இளைஞன், ஊரில் தனக்காகக் காத்திருந்த காதலியை நினைத்து இதைச் செய்தான். மூன்று, எந்தக் கையில், இதயம் எந்தப் பக்கம் பார்க்கப் போடவேண்டும் என்ற விதிகள்.

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு பாகம் வந்து இறங்கினால், கூடவே வரும் சான்றிதழைச் சரிபார்க்காமல் உள்ளே விடமாட்டோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிடுகிறது. பரிசைச் சோதித்துப் பார்ப்பது நல்ல பழக்கமில்லை என்று தெரியும். ஆனாலும் அன்றிரவு மடிக்கணினியைத் திறந்துவிட்டேன்.

‘கெல்டிக்’ என்ற சொல்லே முதலில் இடறியது. பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் கெல்ட்டுகள் என்று எழுதியது ஐரோப்பியப் பெருநிலத்தில் வாழ்ந்த மக்களை. அயர்லாந்து தீவில் இருந்தவர்களை அவர்கள் அப்படி அழைக்கவில்லை. அந்தத் தீவுக்காரர்களும் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. 1707இல் எட்வர்ட் லூயிட் என்ற வேல்ஸ் அறிஞர் ஐரிஷ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் மொழிகள் ஒன்றுக்கொன்று உறவுள்ளவை என்று ஒரு பெரிய நூலில் காட்டினார். அதற்குப் பிறகுதான் கெல்டிக் என்பது அந்த மொழிகளின் பெயராக நிலைத்தது. மொழிக்கு வைத்த பெயர் மக்களுக்குப் போனது, மக்களிடமிருந்து கலைக்குப் போனது, கடைசியில் நகைக்கடை அட்டைக்கு வந்து சேர்ந்தது. மொழிக்குடும்பத்தின் பெயர் ஓர் இனத்தின் பெயராக மாறுவது தமிழ் வாசகருக்குப் புதிய கதையில்லை. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் பிறந்ததும் அயர்லாந்தில்தான், 1814இல், ஆன்ட்ரிம் மாவட்டத்தில்.

இந்த மோதிரத்தின் வடிவத்துக்கோ கெல்டிக் மொழிக்காரர்களோடு தனி உறவு எதுவும் இல்லை. கோத்த இரண்டு கைகளை மோதிரத்தில் செதுக்குவது ரோமானியர் காலத்திலேயே இருந்த வழக்கம். பிறகு இடைக்கால ஐரோப்பா முழுக்க நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் அந்த மோதிரங்கள் கொடுக்கப்பட்டன. இத்தாலிய மொழியில் நம்பிக்கை என்ற பொருள்படும் சொல்லால் அவற்றை ‘ஃபேதே’ மோதிரங்கள் என்கிறார்கள். கிளாடா மோதிரம் அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை. கால்வே அன்று ஸ்பெயினோடும் பிரான்ஸோடும் திராட்சை மது வியாபாரம் செய்த துறைமுகம். வெளியூர் மோதிரம் ஒன்று அங்கே வந்து இறங்கியதில் ஆச்சரியம் இல்லை.

அப்படியானால் இந்தக் ‘கெல்டிக் நகை’ மோகம் எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு கடற்கரையிலிருந்து பதில் கிடைக்கிறது. 1850இல் மீத் மாவட்டத்தின் பெட்டிஸ்டவுன் கரையோரத்தில் ஓர் ஏழைப் பெண் ஒரு பழைய மேலாடை ஊசியைக் கண்டெடுத்ததாகச் சொன்னாள். கி.பி. 700 வாக்கில் செய்யப்பட்ட, தங்கமுலாம் பூசிய வெள்ளி வேலை. அதன் மேல் தங்கக் கம்பி, கண்ணாடி, அம்பர். கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு நுணுக்கமான விலங்கு உருவங்கள். கை மாறி அது டப்ளின் நகைவியாபாரி ஜார்ஜ் வாட்டர்ஹவுஸிடம் வந்தது. அவர் அதற்கு ‘தாரா ஊசி’ என்று பெயர் வைத்தார். தாரா என்பது அயர்லாந்தின் பழைய உயர் அரசர்களோடு பேசப்படும் குன்று. ஊசி அங்கே கிடைக்கவும் இல்லை, அரசர்களோடு அதற்குச் சம்பந்தம் இருப்பதற்குச் சான்றும் இல்லை. ஆனால் வாட்டர்ஹவுஸ் அப்போதே பழைய ஊசிகளின் நகல்களைச் செய்து விற்றுக்கொண்டிருந்தவர். பெட்டிஸ்டவுன் ஊசி என்றால் யார் வாங்குவார்கள்? 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் அசலை வைத்துக்கொண்டு நகல்களை விற்றார். அசல் இன்று டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வியாபாரி வைத்த பெயரோடு.

இதற்கு ஒரு வருடம் முன்பு நடந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1849 ஆகஸ்டில் விக்டோரியா மகாராணி டப்ளினுக்கு வந்தார். கூட வந்த இளவரசர் ஆல்பர்ட் டப்ளின் நகைக்கடை ஒன்றின் பழைய பாணி ஊசிகளை மனைவிக்காக வாங்கினார். அதற்குப் பிறகு அந்த ஊசிகளுக்குக் கிராக்கி. கெல்டிக் நகையை அன்புப் பரிசாகக் கொடுக்கும் நாகரிகத்துக்கு ஆரம்பம் என்று ஒரு தேதி சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அந்தத் தேதியில் அயர்லாந்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து தொடங்கிய பெரும்பஞ்சம் அப்போதும் முடியவில்லை. சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். ஆல்பர்ட் நல்ல மனதோடுதான் வாங்கியிருப்பார். அந்த ஊர்த் தொழிலுக்கு ஆதரவு என்றுகூட நினைத்திருக்கலாம். இருந்தாலும் ஒரு நாட்டின் பழம்பெருமை மார்பில் குத்திக்கொள்ளும் அழகான பொருளானதும், அந்த நாட்டு மக்கள் சாலையோரம் விழுந்ததும் ஒரே வருடங்களில் நடந்தன. எந்த அட்டையிலும் இது வராது.

இனி ரிச்சர்ட் ஜாய்ஸ். இவர் கற்பனை ஆள் இல்லை. கால்வேயை ஆண்ட 14 வணிகக் குடும்பங்களில் ஜாய்ஸ் குடும்பமும் ஒன்று. அவர் பெயரில் முத்திரையிட்ட பொற்கொல்லர் வேலைகள் இன்றும் உண்டு. ஒரு நங்கூரம், பக்கத்தில் ஆர், ஐ என்ற இரண்டு எழுத்துகள். ஜாய்ஸுக்கு ஏன் ஐ என்று நானும் குழம்பினேன். லத்தீன் வழக்கில் அந்த இரண்டு எழுத்துக்கும் ஒரே வடிவம்தான்.

கடற்கொள்ளையும் கற்பனை இல்லை. அல்ஜியர்ஸ் போன்ற வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலிருந்து வந்த கப்பல்கள் ஐரோப்பியக் கரையோரங்களில் ஆள்பிடித்து விற்றுவந்த காலம் அது. 1631இல் அயர்லாந்தின் தென்கரையில் பால்டிமோர் என்ற சிற்றூரில் ஒரே இரவில் 100 பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜாய்ஸ் 1675 வாக்கில் பிடிபட்டார் என்கிறார்கள்.

இந்தக் கதையை விரிவாக எழுதியவர் ஜேம்ஸ் ஹார்டிமன், 1820இல் வெளிவந்த கால்வே வரலாற்று நூலில். தேடி எடுத்துப் படித்தேன். கதை இப்படிப் போகிறது. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் வழியில் ஜாய்ஸ் பிடிபடுகிறார். அல்ஜியர்ஸில் ஒரு பணக்காரப் பொற்கொல்லர் அவரை விலைக்கு வாங்கித் தொழில் கற்றுக்கொடுக்கிறார். 14 வருடங்கள் போகின்றன. மூன்றாம் வில்லியம் அரசராகி அடிமைகளை விடுவிக்கச் சொல்லித் தூது அனுப்புகிறார். போகாதே, என் ஒரே மகளையும் சொத்தில் பாதியையும் தருகிறேன் என்று கெஞ்சுகிறார் எஜமானர். ஜாய்ஸ் மறுத்துவிட்டுக் கால்வே திரும்புகிறார். கல்யாணம் செய்துகொள்கிறார், பொற்கொல்லராகச் சம்பாதிக்கிறார், நிலம் வாங்குகிறார்.

அவ்வளவுதான். காத்திருந்த காதலி இல்லை. அவளுக்காகச் செய்த மோதிரமும் இல்லை. நான் இரண்டு முறை படித்தேன், எங்காவது விட்டுவிட்டேனோ என்று. அந்தப் பெண் பின்னால் வந்தவர்கள் சேர்த்த பாத்திரம். ஹார்டிமன் எழுதியதில் மகள் ஒருத்தி வருகிறாள்தான், ஆனால் அவள் அல்ஜியர்ஸில் இருக்கிறாள், அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மோதிரத்தைக் கண்டுபிடித்தவர் ஜாய்ஸ்தான் என்பதும் நிற்காது. பார்த்தலோமியு ஃபாலன் என்று இன்னொரு கால்வே பொற்கொல்லர் இருந்தார். இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கிளாடா மோதிரங்களில் அவர் முத்திரையிட்டவையும் உண்டு. அவர் பெயர் முதன்முதலில் வருவது 1676 ஜனவரியில் எழுதப்பட்ட ஓர் உயிலில். டொமினிக் மார்ட்டின் என்ற நகைத்தொழிலாளி தன் கருவிகளில் சிலவற்றை ஃபாலனுக்கு விட்டுப்போகிறார். ஜாய்ஸ் அல்ஜியர்ஸில் தொழில் பழக ஆரம்பித்த அதே சமயத்தில், ஊரில் இன்னொருவர் கையில் சுத்தியலும் இடுக்கியும் வந்துவிட்டன. கடற்கொள்ளை, அடிமைத்தனம், அரபு நாட்டுப் பெண் எல்லாம் இருக்கும் கதையோடு ஓர் உயிலால் போட்டிபோட முடியாதுதான். எனக்கு என்னவோ அந்த உயில்தான் பிடித்திருக்கிறது. சாகப்போகிறவர் கருவியை யாருக்குக் கொடுக்கிறார் என்பதும் ஒரு பரிசின் கதைதானே.

ஒரு விஷயத்தில் எனக்கு ஜாய்ஸ் கதையோடு தனிப் பிரச்சினை இருக்கிறது. அவர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதற்குப் போனார்? ஹார்டிமன் காரணம் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடங்களில் கால்வே வணிகக் குடும்பங்களுக்கு அங்கே என்ன வேலை இருந்தது என்று தெரியும். பிளேக் குடும்பத்துச் சகோதரர்கள், ஹென்றியும் ஜானும், 1670களில் மான்செராட்டிலும் பார்படோஸிலும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அது கரும்புத் தோட்டங்களின் உலகம், வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். அடிமையாக விற்கப்பட்ட ஓர் இளைஞனுக்காக உருகுகிற கதை, அவன் ஏறிய கப்பல் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதைக் கேட்பதே இல்லை. எஸ்டேட்டில் பிறந்த தாத்தாவின் பேரனுக்கு இந்த இடத்தில் கண் நிற்காமல் போகாது.

சரி, அட்டையை விட்டுவிட்டு ஊருக்கு வருவோம். மோதிரத்துக்குப் பெயர் தந்த ஊரைப் பற்றி அட்டையில் ஒரு வரிகூட இல்லை.

கிளாடா என்றால் ஐரிஷ் மொழியில் கல் நிறைந்த கரை. கால்வே நகரின் மதிலுக்கு வெளியே, கோரிப் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த மீனவக் கிராமம். நகரத்துக்குள் ஆங்கிலம் பேசும் வணிகர்கள், வெளியே ஐரிஷ் பேசும் மீனவர்கள். கூரை வேய்ந்த வீடுகள், ஓர் ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக. தங்களுக்குள் ஒருவரை ‘அரசர்’ என்று தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். அவரும் மீன்பிடிக்கப் போகிறவர்தான். படகில் வெள்ளைப் பாய் கட்டும் உரிமை அவருக்கு உண்டு. மற்ற படகுகளுக்குப் பழுப்புப் பாய். ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் மீனைத் தூக்கிக்கொண்டுபோய் நகரத்தில் விற்பார்கள்.

ஹால் தம்பதியர் அயர்லாந்தைச் சுற்றிப் பார்த்து 1841 முதல் 1843 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பயண நூலில் இந்த ஊர் வருகிறது. அதில் மோதிரத்தைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. கல்யாண மோதிரம் குடும்பச் சொத்து, தாயிடமிருந்து முதலில் கல்யாணமாகும் மகளுக்குப் போகும், அவளிடமிருந்து அவள் வாரிசுகளுக்கு. இப்படிப் போட்டுக்கொண்டிருக்கும் மோதிரங்களில் பல மிகப் பழையவை என்கிறார்கள்.

இந்த ஒரு குறிப்பை நான் படித்தபோது மணி விடிகாலை இரண்டு. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கை என்றால் இது, கிரீடம் என்றால் அது என்ற அகராதி இதில் இல்லை. இதயம் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்ற விதியும் இல்லை. யாரிடமிருந்து யாருக்கு என்பது மட்டும்தான் இருக்கிறது. நண்டும் மீனும் விற்கிற வீட்டில் தங்கம் இருந்தது. அது வாங்கப்பட்ட தங்கம் இல்லை, வந்து சேர்ந்த தங்கம்.

அந்த நூல் வெளியான சில வருடங்களில் பஞ்சம் வந்தது. கிளாடா மீனவர்கள் வலையையும் படகுச் சாமான்களையும் அடகு வைத்தார்கள். கடல் எதிரேயே இருந்தது, மீன்பிடிக்கக் கையில் ஒன்றும் இல்லை. 1847இல் அங்கே வந்த குவேக்கர் சமயத்தினர் செய்த உதவிகளில் ஒன்று, அடகுக்கடையிலிருந்து வலைகளை மீட்கச் சிறு தொகை கொடுத்தது. சோறு கொடுப்பதைவிட வலையை மீட்டுக்கொடுப்பது மேல் என்று யோசித்த அந்த ஆள் யாரோ, எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

வலையே போனபோது மோதிரம் என்ன ஆகியிருக்கும்? அமெரிக்காவுக்குக் கப்பலேறப் பணம் புரட்ட வந்தவர்கள் வைத்துவிட்டுப்போன தங்க மோதிரங்கள் மீட்க ஆளில்லாமல் உருக்கப்பட்டன என்று கால்வேயில் சொல்வார்கள். அப்படிப் போனவற்றில் எத்தனை தலைமுறைகளின் தேய்மானம் இருந்ததோ. விரலில் இருந்து தப்பித்த சில மோதிரங்கள் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் போயின. இன்று உலகம் முழுக்க இந்த மோதிரம் தெரிவதற்கு ஜாய்ஸைவிட அந்தக் கப்பல்கள்தான் காரணம். ஊரில் தாயிடமிருந்து மகளுக்குப் போன பொருள், ஊரைவிட்டுப் போனவர்களிடம் ஊருக்கே அடையாளமாகிவிட்டது. வாங்க ஆள் இருந்தார்கள், விற்கக் கடைகள் வந்தன, கடைக்கு ஒரு கதை தேவைப்பட்டது.

1930களில் கிளாடாவின் கூரை வீடுகளை இடித்துவிட்டார்கள். சுகாதாரக் காரணம். உண்மையான காரணம்தான், காசநோய் அங்கே மோசமாக இருந்தது. வரிசையாக நகராட்சி வீடுகள் கட்டினார்கள். பழைய கிராமம் இப்போது புகைப்படங்களில்தான் இருக்கிறது.

என் அம்மாவிடம் ஒரு சங்கிலி இருந்தது. பாட்டி போட்டது. நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம் அது பஜாக் கடைக்குப் போனது. மீட்டோம். இரண்டாம் ஆண்டில் மடிக்கணினிக்காக மறுபடி போனது, மறுபடி மீட்டோம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது மூன்றாம் முறை போனது. ரசீதின் தேதி தாண்டிவிட்டது. அம்மா இதைப் பற்றிப் பேசமாட்டார். நான் சம்பளத்தில் புதிதாக ஒன்று வாங்கிக்கொடுத்தேன், அதே டிசைன், கொஞ்சம் எடை கூடவே. வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குப்பா,” என்றார். விசேஷத்துக்குப் போட்டுக்கொள்கிறார். கழற்றி வைக்கும்போது பழையதைத் தொட்ட மாதிரித் தொடுவதில்லை.

தோழிக்கு இதையெல்லாம் சொல்லவேண்டுமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பரிசு கொடுத்தவளிடம் போய், உன் அட்டையில் மூன்றில் ஒன்றும் சரியில்லை என்பது எப்படி இருக்கும்? கடைசியில் டப்ளினில் அவளுக்கு இரவு வேலை முடிந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். ஹார்டிமனைச் சொன்னேன், காதலி இல்லை என்றேன். சிரித்தாள். அல்ஜியர்ஸ் மகளைச் சொன்னபோது, “பாவம் லா அவ,” என்றாள். வலைகளைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கால்வே கரையில் காற்றில் நடுங்கிக்கொண்டே அந்தக் கடைக்குள் நுழைந்ததைச் சொன்னாள். குளிருக்குத்தான் உள்ளே போனாளாம். வார்டில் தன்னோடு வேலை செய்யும் ஒரு தாதி, தன் அம்மாவின் கிளாடா மோதிரத்தைக் கையுறை போடும்போதெல்லாம் கழற்றிச் சட்டையில் குத்திவைப்பதைத் தினமும் பார்த்திருக்கிறாள். கடையில் அது கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டாள். “கதைய நான் அப்புறம்தான் டா படிச்சேன்.”

மோதிரம் என் மோதிர விரலுக்குச் சின்னது. சுண்டுவிரலில் போட்டிருக்கிறேன். அட்டையின் விதிகளில் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை. போன வாரம் அம்மா அதைக் கழற்றித் தரச்சொன்னார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பி உள்பக்க முத்திரையைப் பார்த்தார்.

“வெள்ளியா?”

“ஆமாம்மா.”

“வெள்ளின்னா பஜாக்ல எடுக்கமாட்டான்,” என்று திருப்பிக் கொடுத்தார். “நீயே வெச்சுக்கோ.”